‘மறுபடி ஊத்திக்கலாம்’ என்றாள் பெரியக்கா

பெரியக்கா வேலையை விட்டுப் போன அன்று ஆய்வகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் அயராது உழைத்த மூத்த உதவியாளர் குடும்பக் காரணங்களுக்காக விடைபெறுகிறார் என்று இரண்டே வரி. குடும்பக் காரணமாம்! படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது என்ன காரணம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேக் வெட்டினார்கள், கை தட்டினார்கள், கையைத் துடைத்துக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். கேட்காதவர்களுக்கும் சேர்த்து நான் எழுதுகிறேன். அவளை ‘அவர்’ என்று எழுத எனக்கு வரவில்லை. அப்படி எழுதினால் யாரோ ஒரு அம்மையார் மாதிரி இருக்கிறது.

எனக்கும் அவளுக்கும் நடுவில் பதினாறு வருஷம் ஒரு கண்ணாடிச் சன்னல்தான் இருந்தது. அந்தப் பக்கம் அவள் செல் வளர்ப்பாள். இந்தப் பக்கம் நான் தரச் சோதனை. அவள் செய்து அனுப்புவதில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அதற்கே எங்களுக்குள் பகை வந்திருக்க வேண்டும். வரவில்லை, அவள் என்னைப் பேச விட்டால்தானே! வீட்டில் மூத்தவள் என்பதால் எங்கே போனாலும் மூத்தவளாகவே நடந்துகொள்வாள். மேலதிகாரிகூட அவளை ஒரு சமயம் ‘பெரியக்கா’ என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செல் வளர்ப்பது என்றால் பெரிய மாயமந்திரம் ஒன்றும் இல்லை. தட்டையான பிளாஸ்டிக் குடுவைக்குள், பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத உயிர்ச் செல்கள் அடியில் ஒட்டிக்கொண்டு பெருகும். மேலே இளஞ்சிவப்பாக ஒரு திரவம் இருக்கும். அதுதான் அவற்றின் உணவு. சாப்பிட்டு முடித்தால் திரவம் மஞ்சளாகிவிடும், உடனே பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். அவற்றுக்கு ஞாயிறும் தெரியாது, காய்ச்சல் தலைவலியும் தெரியாது. பெரியக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து ஊற்றிவிட்டுப் போவாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், “வீட்ல ரெண்டு, இங்க எண்ணி முடியாது. இதுக்கு மேல நான் எதைக் கட்டிக்கிட்டு அழறது?” என்பாள்.

வீட்டில் இருந்த இரண்டு பேர் அவளுடைய தம்பியும் தங்கையும். அம்மா போனபோது அவளுக்கு இருபத்துநான்கு வயது. அப்பா அதற்கு முன்பே இல்லை. தம்பி அப்போது பன்னிரண்டு, தங்கை ஏழு. இரண்டு பேரையும் அவள்தான் ஆளாக்கினாள். தம்பி வண்டி மெக்கானிக் ஆனான். தங்கை கடைக்குட்டி, அவளை வீட்டில் கூப்பிடுவதும் அப்படித்தான். துணிக்கடை ஒன்றில் உட்கார்ந்து வாங்கியவர்களின் உடலுக்கு ஏற்றபடி துணியைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு.

மெக்கானிக்குக்குப் பத்தொன்பது வயதில் கால் தொடை சொன்னபடி கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் குந்தி உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. பட்டறையில் ‘கிழவன்’ என்று கேலி செய்தார்கள். பெரியக்காவும் ஒரு வருஷம் முழுக்க அவனைச் சோம்பேறி, சோம்பேறி என்று கரித்துக்கொட்டியிருக்கிறாள். பிறகுதான் மருத்துவரிடம் கூட்டிப் போனாள். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிற பரம்பரை நோய். தசைக்கு வேண்டிய ஒரு புரதத்தைச் செய்யும் மரபணு பழுது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் நோய். சில வருஷம் கழித்துக் கடைக்குட்டிக்கும் கொடியில் துணி போடக் கை எழும்பவில்லை. மூன்று பேரில் பெரியக்கா மட்டும் தப்பித்தாள். அதை ஏதோ தான் செய்த துரோகம் போலவே பேசுவாள். “என்கிட்ட இருக்கறதுல பாதியப் பிச்சுக் குடுக்க முடிஞ்சா குடுத்துருவேன்டி” என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் மேலதிகாரி அடுத்த வேலையை அறிவித்தார். அந்த நோயின் பெயரைச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் பெரியக்கா நேராக என் அறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அடியே, எங்க வீட்டு வியாதிடி” என்றாள். குடுவைகளுக்கு உணவு ஊற்றும் நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. அவளை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை அவள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து நான்தான் விளக்கினேன். செல்லுக்கு நல்ல மரபணுவைக் கொடுக்க வேண்டும். ஆனால் செல் கண்டதையும் உள்ளே விடாது. உள்ளே புகுவதில் கைதேர்ந்தது வைரஸ். அதனால் ஒரு சாதுவான வைரஸை எடுத்து, அதனுடைய சொந்தச் சரக்கை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, வெறும் கூட்டை வைத்துக்கொள்கிறோம். அந்தக் கூட்டுக்குள் நல்ல மரபணுவை அடைத்து உடம்புக்குள் அனுப்புகிறோம். கூடு செல்லைத் திறந்துகொண்டு போய்ச் சரக்கை இறக்கிவிடும்.

மெக்கானிக் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். “அப்போ வண்டி திருடனோடது. உள்ள உக்காந்திருக்கறது நம்ம ஆளு.”

“அதேதான்.”

“பெட்ரோல் யாரு போடறது?” என்றான். கடைக்குட்டிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அந்த வீட்டில் அப்படிச் சிரிப்பு கேட்ட நாட்கள் நிறைய உண்டு. எல்லாம் அந்த வருஷத்தோடு சரி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. நாங்கள் தயாரிக்கிற கூடு வேலை செய்கிறதா என்று பார்க்க, அதைக் குடுவையில் இருக்கும் செல்களின் மேல் ஊற்றுவோம். இரண்டு நாள் கழித்து எத்தனை செல் வாங்கிக்கொண்டது என்று பார்ப்போம். குறைவாக வாங்கியிருந்தால் பெரியக்கா அலட்டிக்கொள்ளவே மாட்டாள். “போதலையா? மறுபடி ஊத்திக்கலாம்” என்பாள். ஊற்றுவாள், செல்லும் வாங்கிக்கொள்ளும். குடுவைச் செல்லுக்கு முன்கோபமும் கிடையாது, நேற்று வந்தது யார் என்ற ஞாபகமும் கிடையாது. எத்தனை தடவை ஊற்றினாலும் முகம் சுளிக்காது. இருபது வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. எங்கள் மாடியில் அது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. டீ பத்தவில்லையா, மறுபடி ஊத்திக்கலாம். தலையில் எண்ணெய் பத்தவில்லையா, மறுபடி ஊத்திக்கலாம்.

மருந்து தயாராகி, விலங்குகளில் சோதித்து, மனிதர்களுக்குப் போடலாம் என்று அனுமதி வர மூன்று வருஷம் ஆயிற்று. அந்த மூன்று வருஷத்தில் மெக்கானிக் நிறைய இழந்திருந்தான். அவர்கள் வீடு இரண்டாம் மாடி. முப்பத்தாறு படி, மின்தூக்கி இல்லை. கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்து இழுத்து ஏறுவான். நடுவில் நான்கு இடத்தில் நிற்பான். ஆனாலும் ஏறினான். தினமும் பட்டறைக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்தபடி மற்றவர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தான். எஞ்சின் உறுமுவதைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான் என்று தூரத்திலிருந்தெல்லாம் வண்டி வரும். படி ஏற முடியாமல் போகிற நாள் பட்டறையும் போய்விடும். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மருத்துவமனையில் முதல் குழுவுக்கு நான்கு பேர் வேண்டும் என்றார்கள். அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் ரத்தம் பார்த்தார்கள், இரண்டு பேரும் தகுதி. மருத்துவர் நல்ல மனிதர், நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். முதல் குழுவுக்கு மிகச் சிறிய அளவுதான் போடுவார்கள். ஆபத்து இல்லையே என்று பார்ப்பதற்குத்தான் அது, பலன் இருக்குமா என்று தெரியாது. அது சரியாகப் போனால், சில மாதம் கழித்து அடுத்த குழுவுக்குப் பெரிய அளவு போடுவார்கள். “ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்குங்க” என்றாராம். “உடம்பு இந்தக் கூட்டை ஒரு தடவை பார்த்துட்டா அடையாளம் வச்சுக்கும். அடுத்த தடவை வாசல்லயே அடிச்சுத் துரத்திரும். அதனால இது ஒருத்தருக்கு ஒரே ஒரு வாய்ப்பு. காத்திருக்கணும்னாலும் காத்திருக்கலாம்.”

ஒப்புதல் தாளிலும் பதினோராம் பக்கத்தில் அதுவே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தாள் மேசைமேல் விரித்துக் கிடக்க, நானும் அங்கே இருந்தேன். மெக்கானிக் தாளைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான்.

“டாக்டர் சொன்னது கேட்டுச்சு. நீ என்ன சொல்ற?”

“என்னத்தச் சொல்றது? காத்திருந்தா அதுக்குள்ள இன்னும் எத்தன படி போகும்? முதல் ஆளா போய் நில்லுடா.”

“அந்த ஒரே வாய்ப்புன்னு போட்டிருக்கே?”

“அதெல்லாம் அப்படித்தான் எழுதுவாங்க. எழுதலன்னா அவங்கள யாராவது கேப்பாங்க இல்ல? நான் தினம் கண்ணால பாக்கறேன்டா. முதல் தடவை பிடிக்கலன்னா மறுபடி ஊத்திக்கலாம்” என்றாள் பெரியக்கா.

ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்புப் பொருள் கூட்டை எப்படி மடக்கும் என்று சோதிப்பதே என் வேலை. அது குடுவை, இது உடம்பு, குடுவையில் ரத்தம் கிடையாது என்று அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். “டாக்டர் சொல்றதையும் கொஞ்சம்...” என்று இழுத்தேன். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு அந்தப் பார்வைக்குப் பயந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

கடைக்குட்டி மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது, நான் வரமாட்டேன் என்று அழுதாள். பெரியக்கா அவளைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டி, ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு மருந்து ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம், கையில் ஒரு குழாய், அவ்வளவுதான். இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது, “திருடன் வண்டி எல்லாம் ஊருக்குள்ள வந்துருச்சு, இன்னும் பார்க்கிங்தான் கிடைக்கல” என்றான். பெரியக்கா பூரித்துப்போய் நின்றாள். அந்த மருந்தின் கூடுகளைச் செய்து தந்த செல்லை வளர்த்தவள் அவள். குப்பியில் எண் மட்டும்தான் இருக்கும், யாருக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. ஆனால் அவள் அந்த மாதம் குடுவைகளை ஏந்திய விதத்தை நான் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

நான்கு பேருக்கும் ஆபத்து எதுவும் இல்லை என்று தெரிந்ததும் இரண்டாம் குழுவைத் தொடங்கினார்கள். ஆறு மடங்கு அளவு. இந்தத் தடவை கடைக்குட்டியைச் சம்மதிக்க வைத்தவன் அவள் அண்ணன்தான். “எனக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி உக்காந்திருக்கேன் பாரு. ரெண்டு நாள் காய்ச்சல், சும்மா படுத்து டிவி பாரு” என்று நச்சரித்து அனுப்பி வைத்தான். அவளும் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலை, பெரியக்கா கையுறையோடு என் சன்னலைத் தட்டு தட்டென்று தட்டினாள். தட்டிய கையுறை கிருமி பட்டு வீணாகிவிட்டது, மாற்ற வேண்டும், அது அவளுக்கும் தெரியும். கையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிக் காட்டினாள். கடைக்குட்டி கொடியில் துணி போட்டுவிட்டாள்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் கையைத் தூக்கினேன். இரண்டு பைத்தியங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதை மாடி முழுக்க வேடிக்கை பார்த்தது.

மெக்கானிக்குக்கு அந்த ஒரு வருஷத்தில் எந்த மாற்றமும் இல்லை. சரியாகச் சொன்னால், நோய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. படியில் நிற்கும் இடம் நான்கிலிருந்து ஒன்பது ஆகியிருந்தது. தங்கை துணி போட்டதைப் பார்த்தவன் அன்று மாலையே கேட்டிருக்கிறான்.

“எனக்கு எப்போ அந்த அளவு?”

“கேக்கறேன்டா.”

கேட்டாள். மருத்துவர் ரத்த அறிக்கையை எடுத்து முன்னால் வைத்தார். அவன் உடம்பு கூட்டை மிக நன்றாகவே அடையாளம் வைத்துக்கொண்டிருந்தது. மறுபடி போட்டால் பலனும் இருக்காது, உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். உடம்புக்குத் தெரியாத வேறொரு கூட்டைக் கண்டுபிடித்தால் உண்டு, அதற்குப் பல வருஷம் ஆகும் என்றார். பெரியக்கா அறிக்கையை நம்பவில்லை. அடுத்த நாள் அவன் ரத்தத்தை ஒரு சின்னக் குழாயில் எடுக்க வைத்து, பையில் மறைத்து என்னிடம் கொண்டு வந்தாள்.

“நீ பாத்துச் சொல்லு. உன் கையால பாத்தா நான் நம்பறேன்.”

விதிப்படி அது தப்பு. நான் செய்தேன். சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் அவள் வளர்த்த செல்களையே வைத்தோம். கூட்டுக்குள் மருந்து மரபணுவுக்குப் பதிலாக, செல்லைப் பச்சையாக ஒளிவிட வைக்கும் வேறொரு மரபணுவை அடைத்திருப்போம். கூடு உள்ளே போனால் செல் பச்சையாக மின்னும். ஒரு வரிசையில் கூடு மட்டும், மற்ற வரிசைகளில் கூட்டோடு மெக்கானிக்கின் ரத்தத்திலிருந்து பிரித்த ரத்தநீர். இரண்டு நாள் கழித்து உருப்பெருக்கியில் பார்த்தோம். கூடு மட்டும் ஊற்றிய வரிசை பச்சைப் பசேல் என்று இருந்தது. அவன் வரிசைகள் எல்லாம் இருட்டு. ரத்தநீரை ஆயிரம் மடங்கு நீர்க்க வைத்துப் போட்ட கடைசிக் குழியும் இருட்டு.

பெரியக்கா உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இன்னும் ஊத்து” என்றாள்.

“பெரியக்கா...”

“ஊத்துடி.”

கூட்டை இரண்டு மடங்கு ஊற்றினேன். மறுபடி இரண்டு நாள். இருட்டு. பத்து மடங்கு ஊற்றினேன். அந்த அளவை எந்த மனிதனுக்கும் போட முடியாது, ஆனால் அவளுக்காக ஊற்றினேன். மறுபடி இரண்டு நாள் காத்திருந்து பார்த்தபோது, ஒரு குழியின் ஓரத்தில் கொஞ்சம் பச்சை தெரிந்தது. அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“ஏழு இருக்கு. பாரு, ஏழு பிடிச்சிருக்கு!”

“ஏழு செல்லால ஒரு படி ஏற முடியாது, பெரியக்கா” என்றேன்.

அதை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் எழுந்தாள், முக்காலியை மேசைக்கு அடியில் தள்ளினாள், தன் அறைக்குப் போனாள். அன்றைக்கு மஞ்சளான குடுவைகள் பன்னிரண்டு இருந்தன. ஒன்றையும் விடாமல் பன்னிரண்டுக்கும் புது உணவு ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். மறுநாள் அவள் கண்கள் வீங்கியிருந்தன.

அவனிடம் மருத்துவர் சொன்னதைச் சொன்னாள். தான் மேசையில் சொன்ன வார்த்தையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அவனும் கேட்கவில்லை. அது அவளை இன்னும் கொன்றது. “திட்டினா பரவால்லடி, ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கறான்” என்று என்னிடம் புலம்புவாள். அவனிடம் சொல்லிவிடுங்கள் என்பேன் நான். நாளைக்குச் சொல்கிறேன் என்பாள். இப்படியே நான்கு மாதம் ஓடியது. அதற்குள் அவனால் படி இறங்கவும் முடியாமல் போனது. பட்டறையை வேறு ஆளிடம் ஒப்படைத்தார்கள். வண்டிக்காரர்கள் போனில் எஞ்சின் சத்தத்தைப் போட்டுக் காட்டி அவனிடம் கோளாறு கேட்பார்கள். கொஞ்ச நாளில் அதுவும் குறைந்து நின்றுவிட்டது. அவன் சன்னலோரம் ஒரு நாற்காலியில் முழுநாளும் உட்கார்ந்திருந்தான். தூக்கி உட்கார வைக்கவும், கழுவி விடவும் ஆள் வேண்டும். பெரியக்கா அதற்காகத்தான் வேலையை விட்டாள். அந்த அறிவிப்புத் தாளில் வந்த குடும்பக் காரணம் இதுதான்.

அவள் வேலையை விட்ட மூன்றாம் வாரம் ஒரு மதியம் நான் அந்த வீட்டுக்குப் போனேன். கீழே கடைக்குட்டியைப் பார்த்தேன். கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தாள். என்னோடு பேசிக்கொண்டே முதல் மாடிவரை விறுவிறுவென்று ஏறினாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. முதல் மாடி தாண்டியதும் சட்டென்று நின்றாள். கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு காலை இழுத்து, நின்று, மறு காலை இழுத்து, பழையபடி நோயாளி போல் ஏற ஆரம்பித்தாள்.

“என்ன ஆச்சு?” என்று பதறினேன்.

அவள் வாயில் விரலை வைத்தாள். “அண்ணன் உள்ள இருக்கான். அவன் முன்னாடி நல்லா நடக்க வேணாம்னு அக்கா சொல்லிருக்கு” என்று காதோடு சொன்னாள்.

நானும் சத்தம் வராமல் அவள் பின்னாலேயே மெதுவாக ஏறினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உள்ளே பெரியக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் சன்னலோரம் இருந்தான். என்னைப் பார்த்து, வாங்க என்று தலையசைத்தான். கடைக்குட்டி சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் நகர்ந்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சுவத்த விடு” என்றான்.

அவள் நின்றாள்.

“விடுன்னு சொல்றேன் இல்ல? கீழ்ப் படியெல்லாம் தடதடன்னு வருது, மேல் படி மட்டும் இழுத்துக்கிட்டு வருது. எந்த ஊர்ல இந்த மாதிரி ஒரு கோளாறு இருக்கு? எத்தன நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கேன் தெரியுமா?”

கடைக்குட்டி சுவரிலிருந்து கையை எடுத்தாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

“இந்த நடிப்பும் நீ சொல்லிக் குடுத்ததா?” என்று அக்காவைப் பார்த்துக் கேட்டான்.

பெரியக்கா மடித்த துணியைக் கீழே வைத்தாள். பதினாறு வருஷம் எல்லோரையும் அதட்டி வேலை வாங்கியதைப் பார்த்த எனக்கு அவள் அன்று நின்ற நிலையைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“ஆமாடா. இதுவும் நான்தான். அன்னைக்கு அந்தத் தாள்ல இருந்தத உன்கிட்ட ஒண்ணுமே இல்லன்னு தள்ளினதும் நான்தான். மறுபடி ஊத்திக்கலாம்னு சொன்னேன். நீ காத்திருந்திருந்தா இன்னைக்கு இவள மாதிரி ஏறியிருப்ப. நான்தான் உன்ன முதல் ஆளா போய் நிக்க வச்சேன்.”

அவன் இல்லை என்று சொல்வான், பரவாயில்லை அக்கா என்று சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன். வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். அவன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“டாக்டர் சொன்னப்ப எனக்குப் புரிஞ்சுது” என்றான். “ஆனா நீ சொன்னத நம்பினேன். சின்ன வயசுலேருந்து நீ சொன்னத நம்பித்தான எல்லாம் செஞ்சேன்? நம்பினது என் தப்பு இல்லக்கா. அது உன் தப்பு.”

“ஆமாடா” என்றாள் பெரியக்கா.

தெருவில் ஒரு வண்டி கிளம்ப முடியாமல் இருமிக்கொண்டிருந்தது. அவன் அதைக்கூடக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நாற்காலியின் கைகளைப் பற்றி லேசாக அசைந்தான்.

“பாத்ரூம் போகணும்” என்றான்.

கடைக்குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்கு இப்போது தோளில் பலம் இருக்கிறது, அவளால் அண்ணனைத் தூக்க முடியும். அவன் தலையை அசைத்தான்.

“நீ வேணாம். அவ வரட்டும்.”

பெரியக்கா வந்தாள். குனிந்து அவன் அக்குளுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் பார்த்தான், கை அவ்வளவு உயரம் எழும்பவில்லை. அவளே அவன் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன்தான் எண்ணினான். மூன்றில் அவள் தூக்கினாள்.